தஞ்சாவூர்க் கலைத்தட்டில் ஒரு கார்கில் ஏற்றம்: செய்து வாங்கியவரின் மதிப்புரை

தஞ்சாவூர்க் கலைத்தட்டு என்றதும் நடுவில் நடராசரோ பெரிய கோயிலோ, சுற்றிலும் பூங்கொடியும் மயிலும் கொண்ட பளபளப்பான வட்டம் ஒன்றுதான் நம் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அமைச்சர் வந்தாலும், நீதிபதி வந்தாலும், தலைமையாசிரியர் பணி ஓய்வு பெற்றாலும் பொன்னாடைக்கு அடுத்தபடியாக மேடையில் கைமாறுவது அந்தத் தட்டுதான். கையில் வாங்கிய பிறகு அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பதும், கண்ணாடிப் பெட்டியோடு வரவேற்பறை அலமாரிக்குப் போய்விடும் என்பதும் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்தே நடப்பவை. அப்படிப்பட்ட தட்டில் ஒரு போர்க்களத்தை, அதுவும் வெற்றிக் கொடியை அல்லாமல் வெற்றிக்கு முன்னால் இருந்த மூச்சு முட்டும் மலையேற்றத்தை, செய்து தர முடியுமா என்று கேட்டுத் தஞ்சாவூர் மேல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் குடும்பப் பட்டறையில் ஒரு தட்டைச் செய்து வாங்கியிருக்கிறோம். அந்தத் தட்டையும் அந்தப் பட்டறையின் வேலைமுறையையும் பற்றியது இந்த மதிப்புரை. இருக்கிற வேலையையே முடிக்க ஆளில்லை, பெயரை எழுதிவிட்டால் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் சங்கடம்தான் மிஞ்சும் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பாபநாசம் வட்டத்தைச் சேர்ந்த எங்கள் ஊரின் முன்னாள் படைவீரர்களும் உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலரும் சேர்ந்து பணம் போட்டு, பள்ளி மண்டபத்தில் மாட்டுவதற்காக ஏற்பாடு செய்தது இது. யாரை, எந்தப் போரை நினைவுகூர்வது என்பதில் பெரிய விவாதம் இல்லை. காவிரிக் கரையில் பள்ளி மாணவர்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிற பெயர் மேஜர் மாரியப்பன் சரவணன். 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில், மே 29 அன்று, படாலிக் பகுதியில் ஜுபார் மலைமுகட்டின் மீது நடந்த தாக்குதலில், பீகார் ரெஜிமெண்டின் முதலாவது பட்டாலியனைச் சேர்ந்த தம் வீரர்களுக்கு முன்னால் சென்று உயிர் நீத்தவர், வயது 26. ராமேசுவரத்தில் பிறந்தாலும் அவருடைய ஊர் திருச்சி என்றுதான் நாம் சொல்கிறோம். அவருக்கு நினைவுச் சின்னம் இருப்பதும் திருச்சியில்தான். இறந்த பிறகு வீர் சக்ரா விருது அளிக்கப்பட்டது. இவ்வளவையும் பாடப்புத்தகம் போல ஒப்பிக்கும் மாணவர்கள் எங்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது, அந்தத் தாக்குதல் எப்படிப்பட்ட இடத்தில், எப்படிப்பட்ட உடல் வருத்தத்தோடு நடந்தது என்பதும், அது நடந்த அன்று அந்த முகடு நம் கைக்கு வரவில்லை என்பதும்தான்.

நினைவுச் சின்னங்களின் குறை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆங்கிலேய அரசு தமிழ்நாட்டின் பல ஊர்களில் பதித்த கல்வெட்டுகளில், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்ற எண்ணிக்கை மட்டுமே இருக்கும். பெயரும் இல்லை, அவர்கள் பட்டதும் இல்லை. இக்காலத்து நினைவுப் பரிசுகளில் பெயர் வந்துவிட்டது. ஆனால் பட்டது இன்னும் வரவில்லை. மலையுச்சியில் கொடியை உயர்த்திப் பிடித்த வீரர்கள் என்ற ஒரே படம், அக்ரிலிக் பலகையிலும் பிசின் வார்ப்பிலும் பள்ளி ஆண்டுவிழாப் பதாகையிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் படம் பொய்யில்லை. போரின் கடைசிக் கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் இருந்த வாரங்களை அது விட்டுவிடுகிறது.

அந்த வாரங்கள் எப்படி இருந்தன என்பதைப் பட்டறையில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவர், லடாக்கில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற எங்கள் ஊர் சுபேதார். குளிர்காலத்தில் இரு தரப்பும் காலி செய்துவிட்டு இறங்கும் காவல் முகடுகளில் பாகிஸ்தான் படையினர் முன்கூட்டியே ஏறி அமர்ந்துகொண்டு, ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையைக் கீழே பார்க்கும்படியாகப் பதுங்கு அரண்களை அமைத்துக்கொண்டனர். மே மாதத் தொடக்கத்தில் படாலிக் பக்கத்து மேய்ப்பர்கள் சொல்லித்தான் செய்தி வெளியே தெரிந்தது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற அரசியல் முடிவால், சுற்றிப் போய்ப் பின்புறமாகத் தாக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. மிஞ்சியது, மேலே உட்கார்ந்திருப்பவனின் துப்பாக்கிக்கு நேர் கீழே, மறைவுக்கு ஒரு செடிகூட இல்லாத பாறைச் சரிவில், இரவில் ஏறுவது ஒன்றுதான். சரவணன் தாக்கிய இடத்துக்குப் படை வரைபடத்தில் பாயிண்ட் 4268 என்று பெயர். அந்த எண் மீட்டரில் சொன்ன உயரம், அதாவது பதினான்காயிரம் அடி. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். ஒன்பதாயிரம் அடியைத் தாண்டினால் ஆறு நாளும், பன்னிரண்டாயிரத்தைத் தாண்டினால் இன்னும் நான்கு நாளும் உடலைப் பழக்கிய பிறகே வீரரை மேலே அனுப்ப வேண்டும் என்பது படையின் விதி. கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டர்கூட உயராத தஞ்சாவூரில் உட்கார்ந்து இதைக் கேட்ட பட்டறைக்காரர், “அப்ப மூச்சு வாங்குறதுதான் ஐயா முதல்ல தெரியணும்” என்று சொன்னார். இவரிடம் வேலையைக் கொடுக்கலாம் என்று நாங்கள் முடிவு செய்தது அப்போதுதான்.

கலைத்தட்டு செய்யும் முறையைச் சுருக்கமாகவாவது சொல்லாவிட்டால் தட்டின் நிறையும் குறையும் விளங்காது. சரபோஜி மன்னர் காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்தக் கைத்தொழில் புவிசார் குறியீடு பெற்றது. அடித்தட்டு பித்தளை, அதைச் செய்வது பாத்திரத் தொழிலாளிகள். உருவங்களை உலோக அச்சின் மீது மெல்லிய வெள்ளித் தகட்டையோ செப்புத் தகட்டையோ வைத்து, ஈயக்கட்டியை மேலே வைத்துச் சுத்தியலால் அடித்து எடுக்கிறார்கள். அப்படி எடுத்த உருவம் பின்புறம் குழிவாக இருக்கும். அந்தக் குழியில் செங்கற்பொடியும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அரக்கை ஊற்றி நிரப்புகிறார்கள். பிறகு பித்தளைத் தட்டில் உருவத்தின் விளிம்பு உட்காரும்படி உளியால் பள்ளம் வெட்டி, விளிம்பை அதற்குள் இறக்கி, சுற்றிலும் தட்டி இறுக்குகிறார்கள். கண், மூக்கு, மடிப்பு, மயிர்க்கோடு எல்லாம் கடைசியில் சிற்றுளியால் வருபவை. ஆகவே ஒரு தட்டின் உயிர் அச்சில் இருக்கிறது. அச்சு சரியில்லை என்றால் சிற்றுளி எவ்வளவு பாடுபட்டாலும் பயனில்லை.

பட்டறையில் அடுக்கி வைத்திருந்த அச்சுகளில் தெய்வங்களுக்குக் குறைவில்லை. பிள்ளையார் மட்டுமே பல அளவில் இருந்தார். மனிதர் என்று பார்த்தால் திருவள்ளுவரும் காந்தியும் இன்னும் சில தலைவர்களும். படைவீரர் ஒருவர்கூட இல்லை. முதல் அச்சை அவர் செய்து காட்டியபோது வந்த உருவம், எங்கள் ஊர் எல்லையில் நிற்கும் ஐயனார் கோயில் காவல் வீரனின் தம்பி என்று சொல்லும்படி இருந்தது. மீசை முறுக்கியிருந்தது, மார்பு நிமிர்ந்திருந்தது, கால்கள் தூண் போல ஊன்றியிருந்தன. அரிவாள் இருக்க வேண்டிய கையில் துப்பாக்கி இருந்தது. கை பழகிய வழியில் போகும் என்பதால் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. காவல் தெய்வத்தையும் காவல் வீரனையும் ஒன்றாகவே வணங்கிப் பழகிய மண் இது. ஆனால் நிமிர்ந்து நிற்கும் அந்த உருவத்தில் ஏற்றமும் இல்லை, மூச்சு வாங்கலும் இல்லை.

சுபேதார் எழுந்து நின்று, பட்டறையில் கிடந்த அரிசிச் சாக்குப் பை ஒன்றில் பித்தளைத் துண்டுகளைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றிக் காட்டினார். “தம்பி, சுமை இருக்கிறவனுக்கு முதுகு நிமிராது. தலை முன்னால தொங்கும். ஒரு கை பாறையில, இன்னொரு கை முட்டியில. துப்பாக்கி கையில இல்ல, தோள்ல. வாய் திறந்திருக்கும், மூக்கால மட்டும் மூச்சு விட்டா அங்க பத்தாது” என்று அவர் சொல்லச் சொல்ல, பட்டறைக்காரர் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் பென்சிலால் வளைகோடுகளாக இழுத்துக்கொண்டே போனார். சுமையில் என்ன இருக்கும் என்று பட்டறைக்காரரின் மகன் கேட்டார். குண்டுகளும் கையெறி குண்டுகளும் தண்ணீரும்தான் முதலில். சாப்பாட்டைக் குறைத்துவிட்டுக் குண்டைக் கூட்டிக்கொள்வார்கள் என்று பதில் வந்தது. கதையாகக் கேட்டிருந்தால் மறந்திருப்போம். முதுகுப்பை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடையாக வந்ததால் அது தட்டிலேயே ஏறிவிட்டது. இப்போது தட்டில் இருக்கும் உருவத்தில் மனிதனைவிடப் பை சற்றுப் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது அச்சில் வந்ததுதான் இறுதி வடிவம். 12 அங்குலத் தட்டின் நடுவட்டத்தில், இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்து வலப்பக்க மேல்மூலைக்குச் சரிவாக ஒரு பாறை முகடு. அதன் மேல் ஒருவர் பின் ஒருவராக ஐந்து உருவங்கள். அடியில் இருப்பவர் பெரியவராகவும் மேலே செல்லச் செல்லச் சிறியவராகவும். கடைசி உருவம் உளுந்தளவுதான். அது மனிதனா பாறை முனையா என்று சட்டென்று சொல்ல முடியாது. முகட்டின் உச்சி வட்டத்தின் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. எங்கே முடிகிறது என்பது தட்டில் இல்லை. பட்டறைக்காரர் உச்சியை உள்ளே கொண்டுவந்து ஒரு சிறு கொடியை நடத்தான் முதலில் விரும்பினார். கொடி இல்லாமல் கொடுத்தால் வேலை அரைகுறை என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள் என்பது அவர் அச்சம். மே 29 அன்று அந்த முகட்டில் கொடி ஏறவில்லை என்பதை நாங்கள் விளக்கினோம். காயம்பட்ட பிறகும் சரவணன் முன்னேறினார், அதன் பிறகே வீழ்ந்தார். அதே தாக்குதலில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் உயிர் நீத்தார், அவருக்கும் வீர் சக்ரா கிடைத்தது. எதிரியின் குண்டு வீச்சுக்கு நேராகக் கிடந்ததால் சரவணனின் உடலை மீட்கச் செய்த முயற்சிகள் பலிக்காமல், ஒரு மாதத்துக்கு மேல் அது அந்தப் பனியிலேயே கிடந்தது. ஜூலை முதல் வாரத்தில் அதே பட்டாலியன் ஜுபாரைப் பிடித்தது. முதல் தாக்குதல் பலிக்காமல், தோழர்களின் உடலைக் கண்ணெதிரே விட்டுவிட்டுக் கீழே இறங்கி, மறுபடி அதே சரிவில் ஏறியவர்களின் விடாப்பிடியைத்தான் தட்டு காட்ட வேண்டும் என்று சொன்னோம். அதே போரின் இன்னொரு களமான திராஸ் பக்கத்திலும் கதை இதுவேதான்: தோலோலிங் முகட்டில் வாரக்கணக்கில் தாக்குதல் தாக்குதலாகத் தோற்று, ஜூன் 13 அன்றுதான் இரண்டாவது ராஜபுதன ரைபிள்ஸ் அதை மீட்டது.

பொருளும் கருவும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மே மாதத்தில் அந்த மலைகள் முழு வெண்மையாக இருப்பதில்லை. செம்பழுப்புப் பாறையின் மடிப்புகளில் பனி திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். செப்புத் தகட்டைப் பாறையாகவும் வெள்ளித் தகட்டைப் பனியாகவும் வைத்தபோது, வண்ணம் ஏதும் தீட்டாமலேயே அந்த நிலம் வந்துவிட்டது. வானம் வெறும் பித்தளை. அதில் சிற்றுளியால் புள்ளி குத்திச் சொரசொரப்பாக்கியிருப்பதால் விடியலுக்கு முந்திய மங்கல் தெரிகிறது. பாறையில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருக்கும் உளிக்கோடுகள் மேல்நோக்கிச் செல்லாமல் கீழ்நோக்கிச் சரிகின்றன; அந்தச் சரிவுக்கு எதிராக ஐந்து உருவங்களும் சாய்ந்திருப்பதால், படம் அசையாமலிருந்தும் ஏறுவது கண்ணில் படுகிறது. இந்த ஒரு வேலைக்காகவே அந்தப் பட்டறைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மற்றவற்றுக்கு அவ்வளவு கொடுக்க முடியவில்லை. முதல் உருவத்தின் முகம் சரியாக வரவில்லை. தகட்டு வேலையில் உருவத்தின் புடைப்பு குறைவு என்பதால் பக்கவாட்டு முகம் அல்லது நேர்முகம்தான் எடுப்பாக இருக்கும். தொங்கிய தலையை முக்கால் பக்கமாகக் காட்டப் போய், திறந்த வாய் கொட்டாவி விடுவது போல அமைந்துவிட்டது. தோளில் தொங்கும் துப்பாக்கி எந்தப் படையிலும் இல்லாத ஒரு துப்பாக்கி. அப்போதுதான் படைக்கு வந்திருந்த இன்சாஸ் துப்பாக்கியின் படத்தைக் கொடுத்திருந்தும், அதன் வளைந்த குண்டுப்பெட்டி நேராகப் போய்விட்டது. சுபேதார் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று பட்டறைக்காரரைத் தேற்றினார். எனக்கு என்னவோ மாணவர்கள் முதலில் விரல் வைத்துக் காட்டப்போவது அந்தத் துப்பாக்கியைத்தான் என்று தோன்றுகிறது.

சுற்றுக்கரை விஷயத்தில் பட்டறைக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு தீரவே இல்லை. வழக்கமான பூங்கொடியும் மயிலும் போர்க்காட்சியைச் சுற்றி இருப்பது பொருந்தாது என்பது எங்கள் பக்கம். டெல்டாவிலிருந்து போனவர் என்பதைக் காட்ட நெற்கதிர் போடலாம் என்று அவர் சொன்னார், போட்டும் காட்டினார். பார்த்தால் கூட்டுறவு வங்கியின் முத்திரை மாதிரி இருந்தது. கடைசியில் கரை முழுவதையும் வெறுமையாக விட்டு, ஒரு வரிசைப் புள்ளி மட்டும் போதும் என்று நாங்கள் சொல்ல, வெறும் பித்தளையை விட்டால் தன் பட்டறை வேலை என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று அவர் வருத்தப்பட, மெல்லிய பூங்கொடி ஒன்று மட்டும் நின்றது. அது அழகாகவே இருக்கிறது. தேவையா என்று கேட்டால் இல்லை.

எழுத்து வெட்டியதில் ஏற்பட்ட குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். கார்கில் என்றதும் 26 ஜூலை 1999 என்று தானாகவே வெட்டிவிட்டார்கள். போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட நாள், ஆண்டுதோறும் வெற்றி நாளாகக் கொண்டாடப்படும் நாள் என்பதால் அந்தத் தேதி எல்லோர் கையிலும் ஓடும். நாங்கள் தாளில் எழுதிக் கொடுத்திருந்தது 29 மே. பித்தளையில் வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது. தேதி இருந்த பட்டையின் மேல் புதிய செப்புப் பட்டை ஒன்றைப் பதித்து, அதில் சரியான தேதியையும் படாலிக் என்ற இடப்பெயரையும் பீகார் ரெஜிமெண்ட் முதலாவது பட்டாலியன் என்ற வரியையும் வெட்டித் தந்தார்கள். கூடுதல் கூலி கேட்கவில்லை. ஒட்டு தெரியத்தான் செய்கிறது. எழுத்து இருக்கும் தட்டைச் செய்யச் சொல்பவர்கள், உளி படுவதற்கு முன்னால் பென்சில் எழுத்தை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. கைப்பேசியில் அனுப்பிய படத்தை நம்பிச் சரி என்று சொல்லிவிடக் கூடாது.

விலையும் காலமும்: தட்டுக்கும் புதிய அச்சுக்கும் மரச்சட்டம், கண்ணாடி ஆகியவற்றுக்கும் சேர்த்து ₹11,500 ஆனது, அதில் அச்சுக் கூலியே ஏறத்தாழப் பாதி. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் அதே அளவுத் தட்டைவிட இது கணிசமாக அதிகம். பாதிப் பணம் முன்பணம். ரசீது கேட்டவுடன் கொடுத்தார்கள். சொன்ன நாளைவிட மூன்று வாரம் தாமதம். அடித்தட்டு செய்து கொடுக்கும் பாத்திரப் பட்டறையில் ஆள் இல்லாததே காரணம் என்றார்கள். அந்த வேலைக்கு இளைஞர்கள் வருவது குறைந்துவிட்டது என்பதைத் தஞ்சாவூர்த் தெருக்களைச் சுற்றி வந்தாலே தெரிந்துகொள்ளலாம். ஜூலையில் தட்டு வேண்டுமென்றால் பொங்கல் முடிந்ததும் சொல்லிவிடுங்கள். ஆனியில் போய்க் கேட்டால் ஆடியில் கிடைக்காது.

வெள்ளி என்று சொல்லப்படுவது உண்மையில் வெள்ளித் தகடுதானா என்பதைப் பேசும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும். விலை குறைந்த தட்டுகளில் வெள்ளிக்குப் பதில் வேறு வெள்ளை உலோகத் தகடு வைப்பது எங்கும் வழக்கம். அதை மறைக்காமல் சொல்பவரிடம் வாங்குவதில் தவறில்லை. இந்தப் பட்டறை இரண்டையும் எதிரெதிரே வைத்துக் காட்டி விலை சொன்னது. உண்மை வெள்ளிக்கு ஒரு தொல்லை உண்டு: காற்றில் கந்தகம் பட்டால் கறுக்கும். பித்தளையோ ஈரக்காற்றில் மங்கிப் பச்சை பிடிக்கும்; நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் இன்னும் விரைவாக. மேலே தெளிவான வார்னிஷ் பூசித் தந்திருக்கிறார்கள், கண்ணாடியும் இருக்கிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட வேண்டாம், வார்னிஷும் சிற்றுளிக் கோடுகளும் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும் என்றார். உள்ளே இருப்பது அரக்கு என்பதால் வெயில் நேராக விழும் சுவரில் மாட்டக் கூடாது. எங்கள் பள்ளி மண்டபத்தில் மேற்குச் சுவர்தான் பார்வைக்கு எடுப்பு. ஆனாலும் வடக்குச் சுவரில் மாட்டியிருக்கிறோம். மரச்சட்டத்தின் பின்னால் அடித்திருந்த வளையம் தட்டின் எடைக்கு வலுவற்றது. அதைக் கழற்றிவிட்டு எங்கள் ஊர்த் தச்சரிடம் இரண்டு பிடிப்புகள் போட்டுக்கொண்டோம்.

வேறு வழிகளையும் விசாரித்துப் பார்த்தோம். சுவாமிமலையில் மார்பளவு வெண்கலச் சிலை வார்க்கக் கேட்டதில் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. மேலும் சிலை என்றால் ஒருவர் உருவம் மட்டும்தான், மலை வராது. தஞ்சாவூர் ஓவியத்தில் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். தங்கத் தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்த ஒரு படாலிக்கை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. பூம்புகார் விற்பனை நிலையத்தில் கலைத்தட்டுகளின் தரம் நம்பிக்கைக்குரியது, விலையும் ஒட்டியிருக்கும். ஆயத்த வடிவம் போதும் என்பவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அக்ரிலிக் பலகையில் லேசர் வெட்டு ஒரே நாளில், பத்தில் ஒரு பங்கு விலையில் கிடைத்துவிடும், துப்பாக்கியும் துல்லியமாக வரும். மாணவர்கள் பத்து ஆண்டுகள் அதைக் கடந்து போய்வந்தாலும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள் என்பதே அதன் குறை.

தட்டை மாட்டிய பிறகு மாணவர்கள் அதன் முன் நிற்பதைக் கவனித்தேன். கடைசி உருவம் எங்கே என்று தேடுகிறார்கள். உச்சி ஏன் வெளியே போய்விட்டது என்று கேட்கிறார்கள். கேட்டால் பதில் சொல்ல ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறோம்: ஊடுருவல் எப்படித் தெரியவந்தது, பாயிண்ட் எண்ணுக்கு என்ன பொருள், முதல் தாக்குதலுக்கும் ஜுபார் கைக்கு வந்ததற்கும் இடையில் எவ்வளவு காலம், நாடு முழுவதும் அந்தப் போரில் உயிர் நீத்த 527 பேர், இவ்வளவுதான் அதில். தட்டோடு சேர்த்து இப்படி ஒரு குறிப்பையும் வைக்காவிட்டால், கொடி இல்லாத மலையேற்றம் சுற்றுலாப் படமாகத் தெரியும் வாய்ப்பு உண்டு. பட்டறைக்காரரின் அச்சத்தில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது.

அச்சு இப்போது பட்டறையில்தான் இருக்கிறது. கூலி கொடுத்தது நாங்கள் என்பதால் அது எங்களுடையது என்று ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்கிறோம். புதிய அச்சு செய்யச் சொல்பவர்கள் எல்லோரும் இதை மறக்காமல் எழுதி வாங்குங்கள். வேறு பள்ளியோ முன்னாள் படைவீரர் குடும்பமோ இதே தட்டைக் கேட்டால், அச்சுக் கூலி சேர்க்காமல் தட்டு விலைக்கே அடித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். பெயர், தேதி, படைப்பிரிவு ஆகியவற்றைக் கேட்பவர் விருப்பப்படி மாற்றலாம், கரையை மாற்றலாம், முகத்தையும் துப்பாக்கியையும் திருத்திக்கொள்ளலாம். உச்சியில் கொடி வைக்க மட்டும் இந்த அச்சைப் பயன்படுத்தக் கூடாது என்று சுபேதார் தம் கையெழுத்தில் ரசீதின் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.